கருவின் முதல் நாள்

பிறந்த நேரத்தை நாழிகை, விநாடி வரையில் குறித்து ஜாதகம் கணிக்கின்ற சமூகம் நம்முடையது. இறந்தவர்க்குத் திதி பார்த்து ஆண்டுதோறும் நீர்க்கடன் செலுத்துகின்ற சமூகமும் நம்முடையதே. பிறப்புக்கும் இறப்புக்கும் இத்தனை நுட்பமாகக் கணக்கு வைத்திருக்கிற நாம், அவ்விரண்டுக்கும் மூலமான ஒரு கணத்தை, அதாவது ஓர் உயிர் தாயின் உதரத்தில் உடம்போடு சேர்கின்ற கணத்தை, என்றும் குறித்து வைத்ததில்லை. வராகமிகிரர் தம் பிருகத் ஜாதகத்தில் கருத்தரிப்புக்கென்று தனி அத்தியாயம் ஒன்றை வகுத்திருந்தும், ஜாதகம் எழுதுகிறவர் நடைமுறையில் கேட்பது குழந்தை நிலத்தில் விழுந்த நேரத்தைத்தான். ஏனெனில் அதைத்தான் கண்ணால் கண்டு சொல்வார் உண்டு. கருவின் தொடக்கத்தைக் கண்டு சொல்வார் ஒருவருமில்லை. ஆயினும், ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வீட்டில் பரவியதுமே, "எத்தனை நாளாயிற்று?" என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்கு மருத்துவம் ஒரு விடை சொல்கிறது. சாஸ்திரங்கள் பல விடைகள் சொல்கின்றன. இவ்விடைகளை ஒருங்கே வைத்து ஆராயுங்கால், கருவின் வயதை அறிவதென்பது நாட்கணக்கோடு முடிந்துவிடுகிற காரியமன்று, மனித உயிரை நாம் எங்கிருந்து மதிக்கத் தொடங்குகிறோம் என்ற தர்ம விசாரமும் அதனுள் அடங்கியிருக்கிறது என்பது புலனாகும்.

முதலில் மருத்துவர் எண்ணும் முறையைப் பார்ப்போம். கர்ப்பிணி முதன்முறையாக ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது அவளிடம் கேட்கப்படும் கேள்வி, கடைசி மாதவிலக்கின் முதல் நாள் எது என்பதே. அந்த நாளிலிருந்துதான் வாரங்கள் எண்ணப்படுகின்றன. ஆனால் அந்த நாளில் கரு இல்லை. கருவாகப்போகும் முட்டையும் சினைப்பையினின்று வெளிப்படவில்லை. இருபத்தெட்டு நாட்களுக்கு ஒரு முறை ஒழுங்காக விலக்காகும் பெண்ணுக்கு, முட்டை வெளிப்படுவது ஏறக்குறைய பதினான்காம் நாளில். வெளிப்பட்ட முட்டை உயிர்ப்போடிருப்பது ஒரு நாளுக்கு மேல் இல்லை. ஆணின் வித்தோ தாயின் உடம்பினுள் ஐந்து நாள் வரையிலும் காத்திருக்க வல்லது. ஆகவே, தம்பதிகள் கூடிய நாள் வேறாகவும், கருக்கூடிய நாள் வேறாகவும், அந்தக் கரு கருப்பையின் சுவரில் சென்று பதிகின்ற நாள் மேலும் ஒரு வாரம் தள்ளியதாகவும் இருக்கக் காண்கிறோம். இந்த நாட்களுள் எதையும் தாய் உணர்வதில்லை. அவள் உணர்ந்த நாள், அவளே சாட்சியாக நின்று சொல்லக்கூடிய நாள், விலக்கான நாள் ஒன்றேயாதலால், மருத்துவம் அதையே முதல் நாளாகக் கொண்டது. இதனால், மருத்துவர் "ஆறு வாரம்" என்று சொல்லும்போது, கரு உருவாகி ஏறக்குறைய நான்கு வாரமே ஆகியிருக்கிறது.

இந்த இரண்டு வார வேற்றுமையை அறியாத குடும்பங்களில் நேர்கின்ற அநியாயத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. திருமணமாகிச் சரியாக நான்கு வாரமே ஆன பெண்ணுக்கு மருத்துவர் "ஆறு வாரக் கர்ப்பம்" என்று எழுதிக் கொடுப்பது முற்றிலும் இயல்பானது. விலக்காகிப் பதினான்காம் நாளில் மணம் நடந்திருந்தால் அந்தக் கணக்கு அப்படித்தான் வரும். ஆனால் அந்தச் சீட்டைக் கையில் வாங்கிய மாமியாரோ கணவனோ, திருமண நாளையும் வாரக் கணக்கையும் விரல் மடக்கி ஒப்பிட்டுப் பார்த்து, அந்தப் பெண்ணின் கற்பின்மீது ஐயங்கொள்வார்களானால், ஓர் எண்ணும் முறையை உண்மையென்று மயங்கியதன் விளைவாக ஒரு நிரபராதியின் வாழ்வே குலைந்துபோகும். எண்ணுவதற்கு வசதியாக மனிதர் வகுத்துக்கொண்ட தொடக்கம் வேறு, பொருளின் மெய்யான தொடக்கம் வேறு என்னும் இந்தத் தத்துவ பேதம், பண்டிதர்களின் வாதத்துக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு வீட்டின் கூடத்திலும் அறியப்பட்டிருக்க வேண்டியது.

கணக்கு மேலும் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்துப் பேராசிரியராக விளங்கிய ஃபிரான்ஸ் கார்ல் நேகலே என்பவரின் பெயரால் வழங்கும் விதி, கடைசி விலக்கின் முதல் நாளோடு ஏழு நாளைக் கூட்டி, அதிலிருந்து மூன்று மாதத்தைப் பின்னோக்கிக் கழித்து, ஓராண்டைக் கூட்டிப் பிரசவ நாளைக் குறிக்கச் சொல்கிறது. ஜனவரி 14ஆம் தேதி, பொங்கலன்று விலக்கான பெண்ணுக்கு, இவ்விதிப்படி அக்டோபர் 21, அதாவது ஐப்பசியின் முதல் வாரம், பேறுகாலமாகும். இது 280 நாள். இருபத்தெட்டு நாள் கொண்ட மாதங்களாக வகுத்தால் சரியாகப் பத்து மாதம். கருக்கூடிய நாளிலிருந்து எண்ணினால் 266 நாள். அமாவாசைக்கு அமாவாசை எண்ணும் சாந்திரமான மாதங்கள் ஒன்பதுக்கு இது ஏறத்தாழச் சமமாகிறது. தாய் பத்து மாதம் சுமந்தாள் என்று ஒருவரும் ஒன்பது மாதம் என்று ஒருவரும் சொல்வதில் முரண் இல்லை. எங்கிருந்து எண்ணுகிறார், எந்த மாதத்தால் எண்ணுகிறார் என்பதே வேறுபாடு. சாந்தோக்கிய உபநிஷதம் கருவின் வாசத்தைப் பேசுமிடத்தில், பத்து மாதமோ ஒன்பது மாதமோ, அன்றி எவ்வளவு காலமோ என்று வரையறையைத் தளர்த்தியே சொல்கிறது. அந்த ரிஷியின் அடக்கம் போற்றத்தக்கது. ஏனெனில் இன்றைய நுட்பமான கணக்குகளுக்குப் பிறகும், குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துக்கு மேல் இல்லை.

கணக்கு பிசகுவதற்குக் காரணங்களும் பல. முப்பத்தைந்து நாட்களுக்கு ஒரு முறை விலக்காகும் பெண்ணுக்கு முட்டை வெளிப்படுவது இருபத்தொன்றாம் நாள் அளவில் ஆதலால், பொதுவிதி அவளுடைய கருவுக்கு ஒரு வாரம் கூடுதலாக வயது கற்பித்துவிடும். கிராமப்புறத்தில் செவிலியர் நாளைக் கேட்கும்போது, விலக்கு வந்த நாளைச் சொல்லாமல் தலைக்குக் குளித்த நாளைச் சொல்லும் பெண்கள் உண்டு. அதனால் மூன்று நான்கு நாள் குறையும். கரு பதியும் சமயத்தில் சிலருக்குச் சிறிது உதிரம் காண்பதுண்டு. அதை விலக்கென்று கருதிவிட்டால் கணக்கில் ஏறக்குறைய ஒரு மாதமே குறைந்துபோகும். குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கும் தாய்க்கு, விலக்கு மீண்டும் வருவதற்கு முன்பே அடுத்த கரு கூடிவிடுவதும் உண்டு. அவளுக்கு எண்ணத் தொடங்குவதற்கு ஒரு நாளே இல்லை.

நம் தர்க்க சாஸ்திரம் அறிவுக்கு வாயில்களாகப் பிரமாணங்களை வகுத்திருக்கிறது: பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் ஆகியவை அவற்றுள் தலையாயவை. கருவின் வயதை அறிவதற்கு இம்மூன்றும் எப்படித் துணை செய்கின்றன என்று ஆராய்வது சுவை மிக்கது. தாய் சொல்லும் தேதி சப்தப் பிரமாணம். அறிந்தவர், மெய் சொல்பவர், அவருடைய வாக்கை நம்பி அறிவது. சிறுநீர்ப் பரிசோதனை அனுமானம். பதிந்த கருவைச் சூழ்ந்த திசுக்களில் சுரக்கும் ஒரு ஹார்மோன் சிறுநீரில் காணப்படுவதால் கரு உண்டென்று ஊகிக்கிறோம். ஆனால் அந்தச் சோதனை உண்டு அல்லது இல்லை என்று சொல்ல வல்லதேயன்றி, எத்தனை வாரம் என்று சொல்ல வல்லதன்று. இரத்தத்தில் அதன் அளவைக் கணித்தாலும், ஒரே வாரத்துக் கர்ப்பிணிகள் இருவரிடையே அது பன்மடங்கு வேறுபடக்கூடும். மூன்றாவதாக வருவது ஸ்கேன். அதைப் பிரத்தியட்சம் என்று நாம் எண்ணுகிறோம். திரையில் கரு தெரிகிறதல்லவா! உண்மையில் திரையில் காண்பது கருவின் நீளத்தைத்தான். அதன் வயதை யாரும் கண்ணால் காண்பதில்லை. இவ்வளவு நீளமுள்ள கரு இத்தனை நாளுக்கு உரியது என்ற வியாப்தியை, அதாவது மாறாத தொடர்பை, முன்னரே அறிந்திருப்பதால், நீளத்தைக் கொண்டு வயதை அனுமானிக்கிறோம். ஆகத் தாயின் வயிற்றினுள் கூடிய கருவின் வயதுக்குப் பிரத்தியட்சப் பிரமாணம் இல்லை. தாயின் வாக்கும் அறிஞரின் ஊகமும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டு நடக்கும் மார்க்கமே உள்ளது.

அந்த வியாப்தி நிலைநாட்டப்பட்ட வரலாறு அண்மைக் காலத்தது. கிளாஸ்கோ நகரத்தில் ஐயன் டொனால்ட் என்னும் மகப்பேற்று மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒலியலையைக் கொண்டு வயிற்றினுள் நோக்கும் முறையை 1958ஆம் ஆண்டில் மருத்துவ உலகுக்கு அறிவித்தனர். அதே நகரத்தில் ஹியூ ராபின்சன் என்பவர் 1973ஆம் ஆண்டில், கருவின் உச்சந்தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தை அளந்து வயதைக் கணிக்கும் வழியை வெளியிட்டார். இன்றும் அதுவே நடைமுறை. ஏழாம் வாரத்தில் ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர், ஒன்பதாம் வாரத்தில் இருபத்துமூன்று, பன்னிரண்டாம் வாரத்தில் ஐம்பத்தைந்தை ஒட்டி என்று கரு வளர்கிறது. முதல் மூன்று மாதத்துக்குள் அளந்தால் ஐந்து முதல் ஏழு நாள் வரையிலான பிழையோடு வயதைச் சொல்லிவிடலாம். கடைசி மாதங்களில் முதன்முறையாக அளந்தாலோ, பிழை மூன்று வாரம் வரையில் விரிந்துவிடும்.

இது ஏன் இப்படி இருக்கிறது என்று சிந்திக்குமிடத்தில், விஞ்ஞானம் தன்னையறியாமலே ஒரு வேதாந்த உண்மையின் வாயிலில் வந்து நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆரம்ப வாரங்களில் அளவு துல்லியமாயிருப்பதன் காரணம், அந்த வாரங்களில் மனிதக் கருக்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன என்பதே. மாளிகையில் இருப்பவளின் கருவும் குடிசையில் இருப்பவளின் கருவும், இன்ன குலத்தின் கருவும் வேறு குலத்தின் கருவும், எட்டாம் வாரத்தில் ஏறக்குறைய ஒரே நீளம். நெட்டையான தந்தையின் மகன், குட்டையான தாயின் மகள் என்ற வேற்றுமைகளும், தாய்க்குக் கிடைத்த உணவின் மிகுதி குறைவுகளும், பிந்திய மாதங்களில்தான் கருவின் அளவில் தெளிவாக வெளிப்படுகின்றன. அதனால்தான் பிந்திய அளவுகளைக் கொண்டு வயது சொல்ல முடியாமற்போகிறது. பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிப்பவர்கள் இந்த ஒரு செய்தியை நின்று நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டும். எந்தச் சமத்துவத்தை ஞானிகள் ஆன்ம நிலையில் கண்டு சொன்னார்களோ, அதன் சாயையைப் படைப்பின் முதல் வாரங்களில் உடம்பின் நிலையிலும் இறைவன் வைத்திருக்கிறான்.

இனி, உடம்பின் வயதை விட்டு உயிரின் வயதுக்கு வருவோம். ஜீவன் கருவில் எப்போது புகுகிறது? இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் ஒரே குரலில் விடை சொன்னார்கள் என்று எண்ணுவது தவறு. ஆயுர்வேத நூலாகிய சரக சம்ஹிதை, சுக்கிலமும் (ஆணின் வித்து) சோணிதமும் (பெண்ணின் வித்து) ஜீவனும் கருப்பையில் கூடிய கூட்டத்துக்கே கர்ப்பம் என்று பெயர் எனக் கூறுவதால், ஜீவன் முதற்கணத்திலேயே உடனிருக்கிறது என்பது அதன் கொள்கை. கர்ப்போபநிஷதமோ, ஓர் இரவில் கலலம், ஏழு இரவில் குமிழி, அரைத் திங்களில் பிண்டம் என்று படிப்படியாக வளர்ச்சியைச் சொல்லிக்கொண்டு போய், ஏழாம் மாதத்தில் ஜீவன் கூடுவதாகவும், ஒன்பதாம் மாதத்தில் கரு தன் முற்பிறவிகளை நினைவு கூர்வதாகவும் கூறுகிறது. சுசுருதர் நான்காம் மாதத்தில் இதயத்தின் வெளிப்பாட்டோடு சேதனமும் தோன்றுவதாகச் சொல்லி, அப்போது இரண்டு இதயம் உடையவளாகிவிட்ட தாயின் ஆசைகளை அவமதிக்கலாகாது என்கிறார். சரகர் அதையே மூன்றாம் மாதத்துக்கு உரைக்கிறார். பிற சமயத்தாரிடமும் இவ்வாறே பல கணக்குகள் உண்டு. அரிஸ்டாட்டில் ஆண் கருவின் அசைவை 40ஆம் நாளை ஒட்டியும் பெண் கருவின் அசைவை 90ஆம் நாளை ஒட்டியும் வைத்தார். யூதரின் தால்மூது முதல் நாற்பது நாளைக் கருவை வெறும் நீர் போன்றதாகக் கொண்டது. இஸ்லாமிய மரபில், மூன்று நாற்பது நாட்கள் கழிந்து, 120ஆம் நாளில் ஆன்மா ஊதப்படுவதாகப் பெரும்பான்மையான அறிஞர் நபிமொழிக்குப் பொருள் கொண்டனர். கத்தோலிக்கத் திருச்சபையில், உருவான கரு, உருவாகாத கரு என்று கருக்கலைப்புக்குரிய தண்டனையில் நெடுங்காலம் இருந்துவந்த வேற்றுமையைப் போப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் 1869ஆம் ஆண்டில் நீக்கினார்.

இத்தனை மகான்களும் ஒரே பொருளை நோக்கி வெவ்வேறு எண்களைச் சொன்னதைக் கண்டு, இவற்றுள் எது மெய் என்று வழக்காடுவதைவிட, ஏன் இந்த வேற்றுமை என்று கேட்பதே அறிவுக்கு உகந்தது. சுசுருத சம்ஹிதையில் இதற்கு ஒரு குறிப்புக் கிடைக்கிறது. கருவில் முதலில் தோன்றும் உறுப்பு எது என்பதைப் பற்றி ரிஷிகள் வாதிட்டதாக அந்நூல் சொல்கிறது: தலையே என்றார் சௌனகர், இதயமே என்றார் கிருதவீரியர், நாபியே என்றார் பாராசரியர், கைகால்களே என்றார் மார்க்கண்டேயர். தன்வந்திரியின் தீர்ப்பு, எல்லா உறுப்புக்களும் ஒருங்கே தோன்றுகின்றன, ஆனால் சூக்ஷ்மமாயிருப்பதால் புலப்படுவதில்லை என்பது. முற்றிய மாம்பழத்தில் நாரும் சதையும் கொட்டையும் தனித்தனியே தெரிகின்றன. அவையே பிஞ்சில் இருந்தும் பிரித்துக் காண முடிவதில்லை. காண முடியாமைக்குக் காரணம் இன்மையன்று, நுண்மை. ஒரு ரிஷி கண்ட மாதமும் மற்றொரு ரிஷி கண்ட மாதமும் வேறுபட்டதற்கு, உயிர் வெவ்வேறு மாதங்களில் வந்ததன்று காரணம். உயிரின் அடையாளம் என்று அவரவர் எதைக் கொண்டார்களோ, அது வெளிப்பட்ட மாதத்தை அவரவர் சொன்னார்கள் என்று கொள்வதே பொருத்தம். ஒருவர் கூட்டத்தைக் கொண்டார். ஒருவர் இதயத்தைக் கொண்டார். ஒருவர் அசைவைக் கொண்டார். ஒருவர் நினைவைக் கொண்டார்.

சைவ சித்தாந்தத்தின் நோக்கில் இந்தக் கேள்வியின் உருவமே மாறிவிடுகிறது. உயிர் அநாதி, இறைவனைப் போலவே அதற்கும் தோற்றமில்லை. தோன்றுவது தனு, கரணம், புவனம், போகம், அதாவது உடம்பு, கருவிகள், உலகம், நுகர்வு என்பவையே. ஆகையால், கருவில் உயிர் தொடங்குகிறது என்பதற்கு இடமில்லை. நெடும்பயணத்தில் வருகின்ற உயிர் ஒரு புதிய உடம்பைச் சார்கிறது என்பதற்கே இடமுண்டு. தொடக்கமில்லாத ஒன்றுக்கு முதல் நாள் குறிப்பது எங்ஙனம்? திருமூலர் தம் திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் கர்ப்பக் கிரியை என்று ஒரு பகுதியையே அமைத்து, தந்தது என்னவென்று தந்தை அறியான், ஏற்றது என்னவென்று தாய் கண்டிலள், அறிந்த படைப்போனும் யாருக்கும் உரைத்திலன் என்ற கருத்தை வைக்கிறார். தாயும் தந்தையும் அறியாத கணத்தை அயலார் அறிந்ததுபோல் தீர்ப்புச் சொல்வதற்கு இது தக்க மறுமொழி. மணிவாசகரோ போற்றித் திருவகவலில், கருவாசத்தின் மாதம் ஒவ்வொன்றையும் ஓர் அபாயமாக எண்ணி, முதல் மாதம் தொடங்கிப் பத்தாம் மாதம் வரையில் ஒவ்வொன்றினின்றும் உயிர் தப்பி வந்ததாகப் பாடுகிறார். அவருடைய மாதக் கணக்கு பிரசவ நாளைக் குறிப்பதற்கு ஏற்பட்டதன்று. ஒவ்வொரு மாதத்தையும் கடந்து வந்ததே ஓர் அருள் என்று நன்றி செலுத்துவதற்கு ஏற்பட்டது. இன்றைய மருத்துவமும் அதற்கு உடன்படும்: அறியப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தாமாகவே கலைந்துபோகின்றன, அவற்றுள் மிகப்பெரும்பாலானவை முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் கலைபவை.

உயிரின் முதல் நாளை அறிய முடியாதென்றால், கருவைப் பற்றிய தர்மம் எங்கே தொடங்குவது? சட்டம் எங்கேனும் ஒரு கோடு போட்டுத்தான் ஆகவேண்டும். நம் நாட்டில் 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் இருபது வாரத்தையும், 2021ஆம் ஆண்டின் திருத்தம் குறிப்பிட்ட சில நிலைமைகளில் இருபத்துநான்கு வாரத்தையும் எல்லையாக வைத்தன. ஆட்சி நடத்துவதற்கு அத்தகைய கோடுகள் இன்றியமையாதவை; அவற்றை ஆன்ம தத்துவத்தின் எல்லைகளாகக் கொள்வது மட்டும் தவறு. தர்மத்தின் தொடக்கத்தைத் தேடுவதற்கு நமக்கு வேறொரு வழி இருக்கிறது. மருத்துவரின் கணக்கிலேயே அது மறைந்து கிடக்கிறது.

கரு இல்லாத அந்த முதல் இரண்டு வாரங்களை மருத்துவம் ஏன் கருவின் வயதோடு சேர்த்து எண்ணுகிறது என்பதற்கு, வேறு நாள் தெரியாமையே காரணம் என்று முன்னர்ச் சொன்னோம். ஆனால் தெரிந்த இடத்திலும் அப்படியே எண்ணுகிறார்கள் என்பதை நோக்குங்கள். இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் 1978ஆம் ஆண்டு முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்ததற்குப் பின்னர், லட்சக்கணக்கான கருக்கள் ஆய்வுக்கூடத்தில், மருத்துவரின் கண்ணெதிரே, நாளும் நேரமும் குறிக்கப்பட்டுக் கூட்டப்பட்டிருக்கின்றன. அக்கருக்களின் முதல் நாள் ஐயமின்றித் தெரியும். தெரிந்தும், அந்த நாளோடு இரண்டு வாரத்தைக் கூட்டியே மருத்துவர் கர்ப்பத்தின் வயதைச் சொல்கிறார். எல்லாத் தாய்மாருக்கும் ஒரே கணக்கு வேண்டும் என்பது அவர் கூறும் காரணம். அதைவிட ஆழ்ந்ததொரு நியாயம் அதில் இருப்பதாக நான் கருதுகிறேன். கருவின் காலம் தாயின் உடம்பில், கரு வருவதற்கு முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. சாந்தோக்கியம் பஞ்சாக்கினி வித்தையில் இதையே பேசுகிறது: மழையிலிருந்து அன்னம், அன்னத்திலிருந்து வித்து, வித்திலிருந்து கரு. கருவின் தொடக்கத்தைத் தேடிப் பின்னோக்கிச் சென்ற ரிஷி, தாய் தந்தையரோடு நின்றுவிடாமல், அவர்கள் உண்ட சோற்றையும், அந்தச் சோற்றை விளைத்த மழையையும் சென்று தொட்டார்.

இது கவிதை மட்டுமன்று. உடற்கூற்று உண்மையும் ஆகும். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் ஆகப்போகும் நரம்புக் குழல், கருக்கூடி இருபத்தெட்டாம் நாள் அளவில், மருத்துவரின் கணக்கில் ஆறாம் வாரத்தில், மூடிக்கொள்கிறது. பல பெண்கள் அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருப்பதைக் கவனித்து, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருப்பார்கள். அந்தக் குழல் சரிவர மூடுவதற்குத் துணை செய்யும் ஃபோலிக் அமிலம் என்னும் சத்து, கரு தரிப்பதற்கு முன்பிருந்தே தாயின் உடம்பில் போதிய அளவு இருக்கவேண்டும் என்பதனால்தான், குழந்தைக்கு விரும்பும் பெண் ஒவ்வொருத்தியும் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் அளவில் அதை முன்கூட்டியே உட்கொள்ளுமாறு மருத்துவர்கள் சொல்கிறார்கள். கர்ப்பம் என்று அறிந்த பிறகு காப்போம் என்பவன், காக்கவேண்டிய முதற்காலத்தைக் கடந்துவிட்டவனாகிறான். நம் சம்ஸ்காரங்களின் வரிசையிலும், மூன்றாம் மாதத்துப் பும்ஸவனத்துக்கும் அதன்பின் வரும் சீமந்தத்துக்கும் முன்னதாகவே, கருத்தரிப்பதற்கு முன் செய்யும் கர்ப்பாதானம் வைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். பொறுப்பு கருவுக்கு முந்தியது என்பது அதன் உட்பொருள்.

ஆகவே என் முடிவு இது: உயிரின் முதல் நாள் மனிதரின் அறிவுக்கு எட்டாதது, அதை எட்டிவிட்டதாகச் சொல்லி ஒரு பெண்ணை வருத்துவதற்கு எவருக்கும் அதிகாரமில்லை. ஆனால் கருவுக்கு நாம் ஆற்றவேண்டிய கடமையின் முதல் நாள் நன்றாகத் தெரியக்கூடியது. அது தாயாகப்போகிறவளின் உடம்பில், அவள் உண்ணும் உணவில், அவளுக்குக் கிடைக்கும் ஓய்வில், அவள் சொல்லுக்கு நாம் தரும் மதிப்பில் இருக்கிறது. கருவின் புனிதத்தைப் பற்றி மேடையேறிப் பேசிவிட்டு, வீட்டில் பெண்மக்களுக்கு மிஞ்சியதை உண்ணக் கொடுக்கிறவர்கள், கணக்கை முதலிலேயே தவறவிட்டவர்கள்.

எட்டாம் வாரத்திலோ பத்தாம் வாரத்திலோ கருவை இழந்த பெண்ணிடம், "என்ன, இரண்டு மாதந்தானே!" என்று ஆறுதல் சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிடுவோம். மணிவாசகர் முதல் மாதத்தையும் பத்தாம் மாதத்தையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணினார். வாரங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அவளுடைய துக்கத்தை அளப்பது, மருத்துவரின் அளவுகோலைத் தகாத இடத்தில் கொண்டுபோய் வைப்பதாகும். அவள் அருகில் அமர்ந்து, அவள் சொல்வதைக் கேட்பதே போதும்.

இதைப் படிக்கும் குடும்பத்தாருக்குச் சொல்லவேண்டியவை சில. உங்கள் வீட்டுப் பெண்கள் விலக்காகும் முதல் நாளை நாட்காட்டியில் குறித்துவைக்கும் பழக்கத்தை, கூச்சமின்றி, சிறு வயதிலேயே ஏற்படுத்துங்கள். பின்னொரு நாள் அந்தக் குறிப்பே தாயையும் சேயையும் காக்கும். நாள் தள்ளிப்போனால் தாமதியாமல் பரிசோதித்து, பன்னிரண்டு வாரத்துக்குள் சுகாதார நிலையத்தில் பதிவு செய்து, அந்தக் காலத்திலேயே ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பிந்தி எடுப்பது வயதைத் தெளிவாகச் சொல்லாது. மருத்துவர் சொல்லும் வாரத்தில் இரண்டு வாரம் கருவுக்கு முந்தியது என்பதை வீட்டிலுள்ள ஆண்களும் அறிந்திருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாயாகும் வயதுள்ள பெண்ணின் தட்டில், அவள் கருவுற்றாளா என்று கேளாமலே, கீரையும் பருப்பும் பழமும் முதலில் பரிமாறுங்கள்.